கண்மாயில் விழுந்த காரின் ரோட்டர்

சண்டைக் காலம். கார்களுக்குப் புதுச் சாமான் எதுவும் கப்பலில் வருவதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியின் பழைய காரில் ரோட்டர் உடைந்த அன்று, மகாராஜபுரத்தில் ஒருத்திக்கு முந்தின நாளிலிருந்தே வலி. பிள்ளை குறுக்கே கிடக்கிறதென்று ஆள் வந்திருந்தது. மாட்டு வண்டியில் ஏற்றினால் தாங்க மாட்டாள்.

டிரைவரோடு காலை பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். ரோட்டர் என்பது தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பங்கு வைக்கிற, கட்டைவிரல் அளவுள்ள சாமான். துளை, உயரம், பித்தளை நாக்கின் நீளம் மூன்றையும் அளந்து சீட்டில் எழுதியிருந்தேன்.

பழைய சாமான் கடைக்காரர் ஏழு ரோட்டர்களை எடுத்துப் போட்டார். நான்கில் துளை பெரிது. இரண்டு குட்டை. ஒன்றில் நாக்கு தேய்ந்திருந்தது.

"நர்ஸம்மா பொண்ணு பாக்க வந்தவ மாதிரில்லா குத்தம் சொல்லுதாவ," என்றார் டிரைவரிடம்.

உள்மூலையில் வேப்பங்கொத்து செருகிய பெட்டி ஒன்று தனியாக இருந்தது. அதில் என்ன என்று கேட்டேன்.

"அது வேண்டாம் தாயி. சாவு பாத்த வண்டிச் சாமான். வருசம் திரும்பாம விக்க மாட்டோம்."

"எந்த வண்டி?"

"வத்திராயிருப்பு ரோட்டுல கண்மாய்க்குள்ள விழுந்துச்சே, புள்ளத்தாச்சியோட."

எங்களிடம் வந்துகொண்டிருந்தவள். அன்று நான் கருவிகளைக் கொதிக்க வைத்து, விரிப்பு விரித்து, மூன்று முறை வெந்நீர் மாற்றிக் காத்திருந்தேன்.

பெட்டியை நானே இறக்கினேன். ரோட்டரை அளந்தேன். மூன்றும் சரி. பல மாதம் கடையில் கிடந்தது, கையில் ஈரமாகப் பட்டது. துடைத்தேன். துணி நனையவில்லை.

"ஏலே, இத மாட்டி ஓட்டுவியா?" என்று கடைக்காரர் டிரைவரிடம் கேட்டார்.

"அங்க ஒருத்தி கெடந்து துடிக்கா. ஓட்டாம?" என்றார் டிரைவர், மெதுவாக.

"அப்பம் அந்த எடத்துல செத்த நேரம் நிறுத்து. கதவத் தெறந்து விடு."

ஆஸ்பத்திரிக்கு வந்து ரோட்டரை மாட்டிக் கிளம்பினோம். மகாராஜபுரத்துக்கும் அதே ரோடுதான். போகும்போது, நேரமில்லை, நிறுத்த வேண்டாம் என்றேன்.

அவளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கண்மாய்க் கரையில் இன்ஜின் தானாக நின்றது. பட்டப்பகல். தண்ணீரில் ஒரு சுருக்கம்கூட இல்லை. டிரைவர் இறங்கிப் பின்கதவைத் திறந்தார். என் மடியில் தலை வைத்துக் கிடந்தவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அவள் கண்ணைத் திறக்காமலே, நீட்டியிருந்த கால்களை மடக்கிக்கொண்டாள்.

டிரைவர் கதவைச் சாத்தினார். ஒரே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரி வாசலில் அவளைத் தூக்கிப் போனபிறகும் காரின் பின்கதவு திறந்தே இருந்தது.

"சாத்துங்க அண்ணே."

"செத்த இருங்கம்மா. அவிய இறங்கட்டும்."

நான் உள்ளே போய்க் கை கழுவினேன். அரை மணி நேரத்தில் டாக்டரம்மா பிள்ளையைக் கால் பக்கமாகத் திருப்பி எடுத்தார். நீலம் பாரித்திருந்தது. முதுகில் தட்டினேன். இன்னொரு தரம் தட்டினேன். அழுதது.