அவுத்து விட்டுடுங்க

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நான் சொன்ன ஒரு சொல்லால் ஒரு வீட்டுச் சினைமாடு கைவிட்டுப் போனது. களப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. இரண்டு துண்டு

பாகூர் ஏரிக்குக் கீழே சரோஜா அக்காவுக்கும் அவர் கணவர் பெருமாளுக்கும் ஐந்து மாடுகளும் மண் இறுகிப்போன மேய்ச்சல் நிலமும் இருந்தன. நான் சேர்ந்திருந்த மண்வளத் தொண்டு நிறுவனத்தின் திட்டப்படி நிலத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒன்றில் மண்ணை மீட்கும் மேய்ச்சல்: மூன்று மாடுகளைக் கயிற்றுவேலிக்குள் விட்டு, வேலியைத் தினமும் இடம் மாற்ற வேண்டும். மேய்ந்த இடம் ஓய்வெடுக்கும். மற்றதில் மறுகாடாக்கம்: உழவு, விதை, உரம் எதுவும் கிடையாது. இரண்டு மாடுகள் தம் போக்கில் திரியும். எந்த மண் தேறுகிறது என்று பார்ப்போம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'மறுகாடாக்கம்' என்பதை அழுத்திச் சொன்னேன்.

"கழனிய காடாக்கறதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றார் அக்கா. பிறகு ஒரு கிடேரியைத் தட்டிக்கொடுத்து, "ரெண்டு மாடு பாலு வத்திப்போச்சி. இவ கன்னு போட்டாத்தான் சொசைட்டிக்கு ஊத்த முடியும்" என்றார்.

கிண்டல் உறைத்ததில் மற்றது காதில் ஏறவில்லை. எளிமையாகச் சொல்ல நினைத்து, பெருமாளிடம், "ரெண்டு மாட்ட அவுத்து விட்டுடுங்கண்ணே. அப்பறம் கட்டக் கூடாது, கறக்கக் கூடாது, யாரும் கை வெக்கக் கூடாது" என்றேன்.

"அப்டியா சொல்ற?" என்று பெருமாள் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் ஆமாம் என்றேன். எந்த மாடுகள் என்று கேட்கவில்லை.

2. மஞ்சளும் வேப்பிலையும்

அடுத்த வாரம் போனபோது இரண்டு மாடுகள் பக்கத்து நெல்வயலில் மேய்ந்துகொண்டிருந்தன. நெற்றியில் மஞ்சள், கழுத்தில் வேப்பிலை மாலை. வயல்காரர் வரப்பில் சும்மா நின்றிருந்தார். "ஆத்தாவுக்கு விட்ட மாடும்மா. எவன் ஓட்டுவான்?" என்றார்.

அதில் ஒன்று அந்தச் சினைக்கிடேரி. பெருமாளிடம் போய்க் கேட்டேன்.

"நீதானம்மா சொன்ன," என்றார் பெருமாள். "கட்டாத, கறக்காத, கை வெக்காதன்னா சாமிக்கு வுடறதுதான? குடுக்கறத நல்லதா குடுக்கணும்னு சினையா இருக்கறத வுட்டேன்."

அக்கா மணப்பட்டில் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாளில் இது நடந்திருக்கிறது. அம்மன் கோயில் பூசாரியிடம் ஓடினேன். "வுட்டது வுட்டதுதாம்மா. திருப்பிக் கட்னா ஊரு ஒத்துக்காது" என்றார்.

திரும்பி வந்தபோது அக்கா மாட்டுக்கொட்டகையில் இருந்தார். "கவுறு இங்கதான் கெடக்கு. மாட்ட நீ இட்டுனு வா, படிச்ச பொண்ணே."

3. யார் புரிந்துகொண்டது

பெருமாள் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று அலுவலகத்தில் அறிக்கை எழுத உட்கார்ந்தேன். திட்டத்தாளை மறுபடி படித்தபோது கை நின்றுவிட்டது. மறுகாடாக்கம் என்றால் மனிதக் கை விலகுவது. அங்கே போகும் மாடு வீட்டு மாடாக இருக்க முடியாது. எனக்குப் புல்லும் மண்ணும் தெரிந்தன. பால் நின்றுபோகும் என்பது தெரியவில்லை. நான் சொன்னதை முழுதாகப் புரிந்துகொண்டவர் அவர்தான். 'தவறு என்னுடையது' என்று எழுதிக் கொடுத்தேன்.

கிடேரி மறுகாடாக்கத் துண்டுக்கே வந்து கன்று போட்டது. பாலெல்லாம் கன்றுக்கு. இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த மாடு, அதன் பாலை நம்பி யார் இருக்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்ட பிறகே திட்டத்தைப் பேசுகிறேன்.

தினமும் காலையில் வேலி மாற்ற அக்காவுக்குக் கைகொடுக்கப் போகிறேன். மூன்று மாதம் அவர் என்னுடன் பேசவில்லை. போன வாரம் வேலிக்கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார்.

"இந்தா புடி. வுட்டுடாத."