அப்பாவின் தோளில் ஜெனி

இன்று அப்பாவோடு போய் என் மகளை நீச்சல் வகுப்பில் விட்டபோது குளோரின் நாற்றம் மூக்கில் ஏறியது. பழைய எரிச்சலும் கூடவே வந்தது. குளத்தூர் பக்கம் மெயின் ரோட்டோரம் ஒரு வாட்டர் தீம் பார்க் இருந்தது. இப்போது அதை இடித்து பிளாட் போட்டுவிட்டார்கள். என் சின்ன வயதில் குடும்பமே வேனில் போன அன்று அங்கே அடித்ததும் இதே நாற்றம்தான். அதோடு வாடகை நைலான் டவுசர், வேனுக்குள் உட்கார்ந்து தின்ற புளிச்சோறு, கரையில் எங்கள் செருப்புகளுக்குக் காவலிருந்த தாத்தாவின் சுருட்டு எல்லாம் கலந்திருந்தது. சைரன் ஊதினால் குளத்தில் அலை வரும். ஊதும்போதெல்லாம் பெரியப்பா மகள் ஜெனி கையைத் தூக்குவாள், அப்பா அவளை அள்ளித் தோளில் வைத்துக்கொள்வார், நான் அம்மாவின் நனைந்த சேலையைப் பிடித்தபடி அவளையே அண்ணாந்து பார்த்து அலைத்தண்ணீரைக் குடிப்பேன்.

நானும் ஒரு தடவை கையைத் தூக்கினேன்.

“இரும்மா, அவ பயப்படுறா” என்றார் அப்பா.

பயமாவது, புண்ணாக்காவது. மேலே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள்.

“அவ அப்பா கொவைத்துல கெடக்காருடி. ஒனக்குத்தான் தெனமும் வீட்டுல இருக்காருல்ல” என்றாள் அம்மா.

தினமும் வீட்டில் இருந்தவர் என்னை ஒருநாளும் தோளில் ஏற்றியதில்லை.

இன்று நீச்சல் குளத்துத் தண்ணீரைப் பார்த்து அப்பா சிரித்தார். “அந்தப் பார்க்குல ஜெனி என் தோளை விட்டு எறங்கவே மாட்டேன்னுட்டா” என்றவர், கொஞ்சம் யோசித்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“அன்னைக்கு நீயும் வந்திருந்தியாம்மா?”