குறுக்கே வராத நாய்

ஓய்வு பெற்றபோது நான், ராயபுரத்தில் துறைமுகச் சரக்குகளை அனுப்பிவைக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் போக்குவரத்து மேலாளராக இருந்தேன். இயற்பியலில் பட்டம் பெற்றவன். காலடிப்பேட்டையில் எங்கள் தெருவில் அந்நாளில் கல்லூரிக்குச் சென்றவர்கள் மிகச் சிலரே. ஆகவே, காப்பீடு, வங்கிக் கடன், வாடகை ஒப்பந்தம் எதுவானாலும் கையெழுத்திடுவதற்கு முன்பு என்னிடம் கொண்டுவந்து காட்டுவது அங்குள்ளவர்களுக்கு வழக்கமாயிற்று. இன்றும் என் பெயரைச் சொல்லி வழி கேட்டால் சிலருக்குத் தெரியாது. மேனேஜர் வீடு என்று கேட்டால் காட்டிவிடுவார்கள்.

இந்த மதிப்பு எனக்கு எதனால் வந்தது என்பதையும் சொல்லவேண்டும். லாரித் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விபத்து எவ்வாறு நேர்ந்தது என்று காப்பீட்டு விண்ணப்பத்தில் கேட்டிருப்பார்கள். ஓட்டுநர் கண்ணயர்ந்திருந்தாலும், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றியிருந்தாலும், அந்த இடத்தில் எல்லோரும் எழுதுவது ஒன்றுதான்: நாய் குறுக்கே வந்தது. எண்ணூர் நெடுஞ்சாலையில் அத்தனை நாய்கள் இருந்திருந்தால் மனிதர் நடமாடியிருக்க முடியாது. நான் பொறுப்பில் இருந்தவரை எங்கள் நிறுவனத்திலிருந்து சென்ற எந்த விண்ணப்பத்திலும் நாய் வந்ததில்லை. அப்படி எழுதிக் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன்.

அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களுள் ஒருவர் என் எதிர்வீட்டுக்காரர். ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் பிறந்து வளர்ந்தவர். எங்கள் நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் இரண்டு டிரெய்லர்கள் விட்டிருந்தார். அவற்றுள் ஒன்று, ஓட்டுநர் உறங்கிப்போனதால் கவிழ்ந்தது. தாளில் நாய் வந்தது. ஒப்பந்த வண்டிகளின் விண்ணப்பமும் எங்கள் வழியாகவே செல்லவேண்டும் என்பதால் என் கையெழுத்து வேண்டியிருந்தது. நான் மறுத்தேன். இழப்பீடு கிடைக்கவில்லை, கவிழ்ந்த வண்டியை அவர் பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட நேர்ந்தது. அதன் பிறகும் பேச்சை நிறுத்தியவர் அல்லர். என்னைச் ‘சார்’ என்றும் ‘நீ’ என்றும் ஒரே மூச்சில் அழைப்பவர் இத்தெருவில் அவர் ஒருவரே.

இனி காரைப் பற்றி. என் மனைவிக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. கண்டெய்னர் லாரிகள் குழி பறித்துவைத்திருக்கும் எங்கள் சாலைகளில் சிறிய கார் ஏறி இறங்கும்போதெல்லாம் அவள் பல்லைக் கடித்துக்கொள்வதைப் பார்க்கச் சகிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஓடிய ஓர் ஐரோப்பிய உயர்ரகக் காரை, அதை விற்கும் நிறுவனத்தின் பழைய கார் பிரிவிலேயே வாங்கினேன். அதில் இரும்பு ஸ்பிரிங் கிடையாது. காற்று நிரம்பிய ரப்பர் பைகள் நான்கு சக்கரங்களின் மீதும் வண்டியைத் தாங்கும். அவற்றுக்குக் காற்று அடைக்க ஒரு கம்ப்ரசர் உண்டு. ஏர் சஸ்பென்ஷன் என்பார்கள். பழுதானால் செலவு பெரிது என்பதை அறிந்தே, கூடுதலாகப் பணம் கட்டி வாரண்டியை நீட்டித்துக்கொண்டேன். ரப்பர் பைகளும் கம்ப்ரசரும் அதில் அடங்குமா என்று பார்த்தேன். அடங்கும் என்று இருந்தது. வெளியிலிருந்து பட்ட எண்ணெய், ரசாயனம் ஆகியவற்றால் வரும் கேடு அடங்காது என்றும் இருந்தது. இரண்டையும் படித்துவிட்டே கையெழுத்திட்டேன்.

வாங்கிய ஆண்டே, மழைக்காலம் தொடங்குமுன், காரைத் திருவொற்றியூரில் உள்ள வாட்டர் சர்வீஸுக்குக் கொண்டுபோனேன். கடற்காற்றின் உப்பு எங்கள் பக்கத்தில் சன்னல் கம்பியைக்கூட விட்டுவைக்காது. அதனால் லாரியோ வேனோ எதுவானாலும் அடிப்பாகத்தைக் கழுவி, டீசல் கலந்த எண்ணெயைப் பீய்ச்சி அடிப்பது இங்கே நாள்பட்ட நடைமுறை. என் பொறுப்பில் இருந்த வண்டிகள் அனைத்துக்கும் ஆண்டுதோறும் அடிக்கச்செய்திருக்கிறேன். அவற்றின் இரும்புப் பட்டைகள் துருப்பிடித்து முறிந்ததில்லை. இந்தக் காருக்கும் அவ்வாறே செய்யச் சொன்னேன். மறு ஆண்டும் சொன்னேன்.

அந்த இரண்டாம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் காலை வாசலுக்கு வந்தபோது, காரின் முன்பக்கம் தரையோடு தரையாகப் படிந்திருந்தது. எதிர்வீட்டுக்காரர் பால் பாக்கெட்டும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா சார், நேத்து ஜோரா நின்னுக்கினு இருந்துச்சு, இன்னிக்கு குந்திக்கினு கீது? பெருமாளை சேவிக்குதா?”

என் மனைவி கதவைப் பிடித்தபடி எட்டிப் பார்த்தாள். “எனக்கு முட்டி வலிக்குதுன்னு கார் வாங்குனீங்க. இப்ப காருக்கே முட்டி வலி.”

“காருக்கு வாரண்டி இருக்கிறது” என்றேன்.

“எனக்குத்தான் இல்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

கார் நிறுவனத்தின் லாரி வந்து காரை மேலே ஏற்றிச் சென்றது. தெருவே நின்று பார்த்தது. வாரண்டியில் சரிசெய்துவிடலாம் என்று சர்வீஸ் அலுவலர் தொலைபேசியில் உறுதியாகச் சொன்னார். ஆனால் இரண்டு நாள் கழித்து, நேரில் வரமுடியுமா என்று கேட்டார். எதிர்வீட்டுக்காரர் தம் வேனில் அழைத்துப் போவதாகச் சொன்னார். “அம்மாம் பெரிய ஒர்க்‌ஷாப்ப நானும் ஒரு தபா பாத்துக்கறேன்” என்றார்.

அலுவலர் முப்பது வயதுக்குள்ளான பெண்மணி, மரியாதையாகப் பேசினார். கார் உயரே தூக்கி நிறுத்தப்பட்டிருந்தது. முன்பக்கத்து ரப்பர் பைகள் இரண்டும் ஊறி உப்பி, மடிப்புகளில் வெடித்திருந்தன. விரலால் தொட்டுக் காட்டினார். விரல் கறுப்பாயிற்று.

“சார், அடியில ஆயில் ஸ்ப்ரே ஏதாவது பண்ணீங்களா? ரப்பர் முழுக்க ஊறியிருக்கு. காத்து கசிஞ்சுக்கிட்டே இருந்ததால கம்ப்ரசரும் ஓடி ஓடி எரிஞ்சுபோச்சு.”

பெட்ரோலிய எண்ணெயில் ரப்பர் ஊறும் என்பது எனக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் இரும்பின் மீது அடித்தே பழகியதால், அந்தக் காரின் அடியில் ரப்பரும் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்திருக்கவில்லை. செலவு எவ்வளவு என்று கேட்டேன். அவர் சொன்ன தொகைக்கு ஓடும் நிலையில் ஒரு பழைய சிறிய கார் வாங்கிவிடலாம்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். “சார், ஒண்ணு பண்ணலாம். வாட்டர் சர்வீஸ்ல உங்ககிட்ட கேக்காமலே அடிச்சுட்டாங்க, உங்களுக்குத் தெரியாதுன்னு ஒரு ஸ்டேட்மென்ட் குடுங்க. கஸ்டமர் மேல தப்பு இல்லைன்னா, நான் மேலிடத்துல பேசி ஸ்பெஷல் கேஸா பாஸ் பண்ண வைக்க முடியும். உங்க வயசுக்காகத்தான் சொல்றேன்.”

அவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். பேனாவையும் நீட்டினார். எதிர்வீட்டுக்காரர் என் தோளருகே குனிந்தார்.

“எய்து சார். ஒரு தபா நாய அவுத்து உடு. யாரு கேக்கப் போறா?”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் கண் சிரிக்கவில்லை. டிரெய்லர் விண்ணப்பத்தில் நான் கையெழுத்திட மறுத்த நாளில் என் மேசைக்கு முன் நின்றதைப் போலவே நின்றிருந்தார். நான் எழுதப்போவதை அந்தப் பெண்மணி மட்டும் படிக்கப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்தத் தொகை எனக்குச் சிறியதன்று, மறைக்கவில்லை. இருந்தாலும் அந்த வரியை எழுதினால், நான் திருப்பி அனுப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அதன்பின் என்னிடம் விடை இருக்காது.

‘என் சொற்படி, என் முன்னிலையில், இரு முறை எண்ணெய் அடிக்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.

பெண்மணி இரண்டு முறை படித்தார். “சார், இப்படி எழுதினா ரிஜெக்ட் ஆயிடும்.”

“ஆகட்டும். வேலையைத் தொடங்குங்கள்.”

கூலியில் சிறு தள்ளுபடி தருவதாகச் சொன்னார். எல்லா வாடிக்கையாளர்க்கும் உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார். ஏற்றுக்கொண்டேன்.

திரும்பி வரும் வழியில் எதிர்வீட்டுக்காரர் வேனை மெதுவாக ஓட்டினார். அது அவர் இயல்பன்று. காசிமேட்டு மீன் வாடை வேனுக்குள் நுழைந்தபோது பேச்சைத் தொடங்கினார்.

“சார், ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?”

“சொல்லுங்கள்.”

“அப்போ என் க்ளைம நீ மடக்குனப்போ, துட்டு எதிர்பாத்துத்தான் மடக்குறன்னு நென்ச்சேன். இத்தினி வருசமா அப்டித்தான் நென்ச்சுக்கினு கீறேன். நாலு பேராண்ட சொல்லியும் கீறேன்.”

எனக்கு இது புதிய செய்தி. அத்தனை ஆண்டுகளாக எதிர்வீட்டில் இருந்துகொண்டு, பொங்கலுக்குக் கரும்பு கொடுத்தனுப்பிய மனிதர்.

“மெய்யாலுமே நாய்க்காகத்தான் மடக்குனியா?” என்றார்.

“ஆமாம்.”

“அட, இன்னா மனுசன்யா நீ” என்றார். வைதாரா, பாராட்டினாரா என்று நான் கேட்கவில்லை. லாரி நெரிசலில் சிறிது நேரம் நின்றோம். பிறகு வேனைக் கிளப்பினார்.

கார் ஒரு வாரத்தில் வந்தது. நிமிர்ந்து நின்றது. பணத்தை வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக் கட்டினேன். மனைவிக்குச் சொல்லிவிட்டுத்தான் எடுத்தேன். அவள், “உங்க கையெழுத்து நம்ம வீட்டுலயே ரொம்ப காஸ்ட்லி பொருள்” என்றாள். பிறகு முன்னிருக்கையில் ஏறி அமர்ந்து, முழங்காலைச் சௌகரியமாக நீட்டிக்கொண்டாள்.

உயர்ரகக் கார்கள் நம்பத்தகாதவை, நீட்டித்த வாரண்டி வீண் என்று சிலர் என்னிடம் வந்து துக்கம் விசாரிக்கும் தோரணையில் சொன்னார்கள். எனக்கு அந்தக் கருத்து இல்லை. அதே வாரண்டியில் பிறகு கதவுக் கண்ணாடியை இயக்கும் மோட்டாரைக் கேள்வி கேட்காமல் மாற்றித் தந்தார்கள். இப்போது அடிப்பாகத்தை வெறும் தண்ணீரால் மட்டும் கழுவச் சொல்கிறேன். வாட்டர் சர்வீஸ் உரிமையாளரிடமும் காரணத்தைச் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதவேண்டி வந்தது வேறொன்றால். மேட்டுத்தெரு டீக்கடையில் எதிர்வீட்டுக்காரர் என் பொருட்டுப் பெரிதாக வாதாடுகிறார் என்று கேள்விப்பட்டேன். “மேனேஜரு படிக்காம கையெய்த்துப் போடுற ஆளா? அந்தக் கம்பேனிக்காரன்தான் டபாய்ச்சுட்டான், பாவம், வயசானவர ஏமாத்திக் காசு புடுங்கிக்கினான்” என்று சொல்லிவருகிறாராம். என் மீது முன்பு சொன்னதைத் துடைப்பதற்காகச் சொல்கிறார் என்பது தெரிகிறது. அவரிடம் நேரில் மறுத்தேன். “நீ கம்முனு கெட சார், நா பாத்துக்கறேன்” என்கிறார். தெருவும் அதையே திருப்பிச் சொல்கிறது.

நிறுவனம் என்னை ஏமாற்றவில்லை. விலக்கு இன்னதென்று தாளில் இருந்தது, நான் படித்திருந்தேன். எண்ணெய் அடிக்கச் சொன்னவன் நான்.