அறுத்துப் போட்ட நூல்

மரக்காணம் உப்பளத்தில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, மூட்டைகளின் வாயைத் தைக்க ஒரு அம்மா வருவார். உப்பில் ஊறி விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். மதியம் மற்றவர்கள் கண்ணயரும்போது அவர் மட்டும் கொட்டகை ஓரமாகக் குனிந்து உட்கார்ந்து எதையோ முடிந்துகொண்டிருப்பார்.

நூல்கண்டு சீக்கிரம் தீர்ந்துபோகிறதே என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் சாயங்காலம் கொட்டகை வாசலில், எல்லோர் முன்னாலும், அவருடைய பையைக் கொட்டிக் காட்டச் சொன்னேன்.

சாப்பாட்டு டப்பாவோடு நாலைந்து குட்டிப் பறவைகள் விழுந்தன. விரல் நீளத் துண்டு நூல்களை முடிந்து முடிந்து செய்த பூநாரைகள். ஒன்று ஒற்றைக் காலில் நிற்கிற மாதிரி.

"தச்சிட்டு அறுத்துப் போடற நூலு சார். தரையில கெடந்துச்சு."

"இத என்னா பண்ணுவீங்க? விக்கிறீங்களா?"

"இல்ல சார். சும்மா செய்றதுதான்."

"சும்மா யாராவது செய்வாங்களா?"

அவர் பறவைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதிவிட்டு எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் நான் கேட்காமலே பையைத் திறந்து நீட்டினார். டப்பா மட்டும்தான் இருந்தது. சீசன் முடிகிறவரை தினமும் அப்படியே செய்தார். மதியத்தில் அவரும் மற்றவர்களோடு படுத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

"பாத்துக்கங்க சார்" என்பார், குரலில் கோபமே இருக்காது. நான் பையைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்துத் தலையாட்டுவேன். அங்கே, அறுத்துப் போட்ட நூல் அப்படியே கிடக்கும்.