கூட்டிச் சொன்ன வேகம்

துப்பாக்கி சுடும் மைதானத்தில் குண்டின் வேகத்தை அளந்து சொல்வது அவள் வேலை. குழலுக்கு முன்னால் கருவியை வைத்து, பலமுறை சுடச் சொல்லி, சராசரி எடுத்துக் கொடுப்பாள். அவள் கணக்கில் பிசகு இருக்காது என்று போட்டிக்காரர்கள் தேடி வருவார்கள்.

அன்று வந்தது தங்கையின் புருஷன். அவன் அடி தாங்காமல் தங்கை, தன் மகளோடு ஆற்றுக்கு அக்கரையில் தனியாகக் குடியிருந்தாள்.

"துல்லியமா வேணும்க்கா. கொஞ்சம் தப்பினாலும் தூரத்துல குண்டு எங்கயோ போயிடும்."

"எவ்வளவு தூரம் தம்பி?"

"எழுநூறு மீட்டர்."

"இங்க முந்நூறுக்கு மேல இடமே இல்லையே?"

"எனக்கு இடம் இருக்குக்கா. நடுவுல தண்ணிதான்," என்று சிரித்தான்.

அவன் சுட்டு முடித்ததும் அவள் கருவியை உடம்பால் மறைத்துக்கொண்டு, வேகத்தைக் கூட்டிச் சொன்னாள். அதை நம்பினால் குழலைத் தூக்க வேண்டிய அளவுக்குத் தூக்க மாட்டான்; குண்டு தாழ்ந்து போகும். அவன் தலை மறைந்ததும் தங்கைக்குப் போன் போட்டாள்.

"எதையும் எடுக்காத. பிள்ளையத் தூக்கிட்டு இப்பவே கிளம்பு."

போலீசுக்கும் சொன்னாள். "குடும்பச் சண்டையா?" என்று இழுத்தார்கள்.

தங்கை விளக்கைக்கூட அணைக்காமல் ஓடியிருந்தாள். ஜன்னல் திரை அசைந்ததை ஆள் என்று நினைத்தானோ என்னவோ, மறுநாள் சமையலறை ஜன்னலுக்கு ஒரு முழம் கீழே சுவரில் குண்டு பதிந்திருந்தது.

போலீஸ் இப்போது அவனைத் தேடுகிறது. இன்னும் அகப்படவில்லை. குண்டு ஏன் தாழ்ந்தது என்று அவன் யோசித்துக்கொண்டிருப்பான். அதைக் கண்டுபிடிக்க அவனுக்கு ரொம்ப நாள் ஆகாது என்பது அவளுக்குத் தெரியும்.