கூடாரத்துக்கு ஒரு கதவு

நான் கூட்டித் துடைக்கும் கடற்கரை விடுதியில் நேற்று ஒரு யூர்ட் கட்டினார்கள். மங்கோலிய மேய்ப்பர்கள் கழற்றிச் சுமந்துபோகும் வட்டக் கூடாரமாம், வெள்ளைக்காரர்கள் தங்குவதற்கு. உள்ளே போனதும் வெயிலில் சூடேறிய கித்தான் வாசம் முகத்தில் அடித்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

போர்க்காலத்தில் எங்கள் ஊர் எருக்கலம்பிட்டியிலிருந்து முஸ்லிம்களான எங்களை ஆயுதக்காரர்கள் வெளியேற்றிய பிறகு, புத்தளத்தில் கிடைத்த கூடாரத்திலும் இதே வாசம்தான். எனக்கு ஏழு வயது. வாசலில் உம்மாவின் பழைய சேலை தொங்கும்.

"குமர்ப்பிள்ளை இருக்கிற இடம். ஒரு கதவு போடுங்கோவன்," என்பார் உம்மா, மூத்தவளான ராத்தாவைக் காட்டி.

"கதவு போட்டால் இங்கேயே இருந்திடுவம். வாற மாசம் ஊருக்குப் போறம்," என்பார் வாப்பா. ஒவ்வொரு மாதமும் அதையே சொன்னார்.

இரண்டாம் வருஷம் ராத்தாவுக்குக் கலியாணம் பேச ஆட்கள் வருவதாக இருந்தது. அன்று காலை வாப்பா எங்கிருந்தோ ஒரு பழைய பலகைக் கதவைத் தோளில் சுமந்துவந்தார். கம்புகள் நட்டு, ஆணி அடித்து மாட்டினார். பிறகு அதைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்து அழுதார். அதன் பின் ஊருக்குப் போவதைப் பற்றி அவர் பேசவேயில்லை. புத்தளத்திலேயே மவுத்தாகி அங்கேயே அடக்கமானார். ஊருக்குத் திரும்பி வந்தது நான் மட்டும்தான்.

"என்ன, களைச்சுப் போனீங்களோ?" வாசலில் நின்று மேலாளர் கேட்டார்.

"ஓம்," என்றேன். எழும்ப இன்னும் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது.