முன்சாட்சி

ஜெபத்தைப் பற்றி யாராவது எனக்குப் பாடம் எடுக்க வந்தால் இப்போதெல்லாம் எரிச்சல்தான் வருகிறது. கேட்ட பாடமே போதும். எங்கள் சபையில் போதகர் ஐயா எட்டு வாரம் தொடர்ந்து ஜெபத்தைப் பற்றி மட்டுமே போதித்தார். நானும் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். பொத்தாம் பொதுவாகக் கேட்காதே, இன்னது வேண்டும் என்று குறித்துக் கேள். கேட்டதைப் பெற்றுவிட்டதாகவே நம்பு. நம்புகிறாய் என்றால் முன்னாலேயே நன்றி சொல்லிவிடு. சொன்ன பிறகு அதற்கு விரோதமாக வாயைத் திறக்காதே. அப்புறம் பொறுமையாகக் காத்திரு. இவ்வளவுதான். நாள் முழுக்க டார்கெட் டார்கெட் என்று கத்துகிற இடத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவளுக்கு, இப்படிச் செய்தால் இது நடக்கும் என்று ஒருவர் அடித்துச் சொன்னால் பிடிக்காமல் போகுமா? பிடித்துத் தொலைத்தது.

நானும் என் அக்காவும் ஆம்பூருக்கு வெளியே ஒரே ஷூ கம்பெனியில் வேலை செய்தோம். அவளுடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார், எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் ஒரே வீட்டில் இருக்கிறோம். அவள் தையல் லைனில். ஷூவின் மேல்பாகத் தோலை மெஷினில் தைப்பாள். நான் செக்கிங். தைத்து வருகிற தோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விலகியிருந்தாலோ தோலில் கீறல் இருந்தாலோ அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். குறை கண்டுபிடிப்பதற்கே சம்பளம் வாங்குகிறவள் நான். அக்கா தைத்த தோலில் அம்பு ஒட்டுகிற வேலை எனக்கு வந்ததே இல்லை.

கம்பெனியில் ஒரு நாள் கண் பரிசோதனை நடத்தினார்கள். எனக்கு ஒன்றுமில்லை. அக்காவுக்கு இரண்டு கண்ணிலும் பிரஷர் ஜாஸ்தி, உடனே வேலூருக்குப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வேலூரில் பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"வலி இருக்காது. ஓரத்துல இருந்து பார்வைய கொஞ்சம் கொஞ்சமா தின்னுட்டே வரும். போனது திரும்பி வராது. ஆனா இந்தச் சொட்டு மருந்த விடாம போட்டுட்டே இருந்தா, இருக்கறத காப்பாத்திக்கலாம்."

"எத்தினி நாளைக்குப் போடணும்?" என்று அக்கா கேட்டாள்.

"ஆயுசுக்கும்."

நான்கைந்து மாதம் ஒழுங்காகப் போட்டாள். காலையில் கம்பெனி பஸ் வருவதற்கு முன் நான்தான் அவளைச் சுவரோரம் உட்கார வைத்து, இமையை இழுத்துப் பிடித்துச் சொட்டு விடுவேன். மருந்து வேலை செய்தது. அடுத்த தடவை போனபோது பிரஷர் கம்மியாகியிருக்கிறது என்று டாக்டரம்மாவே சொன்னார். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் ஆயுசுக்கும் என்ற வார்த்தை முள்ளாகக் குத்திக்கொண்டே இருந்தது. ஆண்டவருக்கு ஒரு கண் பெரிய காரியமா என்று தோன்றியது. அந்த நேரம் பார்த்து ஐயாவின் எட்டு வாரம் வந்து சேர்ந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற இடங்களில் நன்மை கிடைத்த பிறகு எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள். எங்களிடம் கிடைப்பதற்கு முன்னாலேயே சொல்ல வேண்டும். அதற்கு முன்சாட்சி என்று பெயர். மாதத்தின் கடைசி ஞாயிறு அன்று, கேட்டது கிடைத்துவிட்டது என்று சபைக்கு முன்னால் அறிக்கை செய்வார்கள். ஒருவர் தன் மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்றார், கிடைத்தது. ஒரு அம்மா வீடு கட்டி முடித்தாயிற்று என்றார், பிறகு கட்டினார்கள். சொல்லி நடக்காதவர்களும் இருந்திருப்பார்கள். அவர்கள் மறுபடியும் எழுந்து நிற்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அக்கா நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்க மாட்டாள். அவளுக்கும் சேர்த்து எனக்குத்தான் வாய். அந்தக் கடைசி ஞாயிறு நான் எழுந்து நின்றேன். "எங்க அக்காவோட ரெண்டு கண்ணையும் கர்த்தர் பூரணமா சுகமாக்கிட்டாரு" என்றேன். தகரக் கூரை அதிர ஸ்தோத்திரம் என்றார்கள். ஐயா இறங்கி வந்து அக்காவின் தலையில் கை வைத்தார். கூட்டம் முடிந்ததும் பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு விசுவாசம் யாருக்கு வரும் என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இப்போது நினைத்தால் என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது. கண் அவளுடையது, பேர் எனக்கு.

சொட்டு மருந்தை என்ன செய்வது என்று ஐயாவிடம் கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"போடாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சிஸ்டர். ஆனா சுகமாச்சுன்னு சொன்னது உங்க வாய்தானே? சுகமான கண்ணுக்கு எதுக்கு மருந்து? நீங்களே ஜெபம் பண்ணி முடிவெடுங்க."

பாம்பும் சாகக் கூடாது, கம்பும் உடையக் கூடாது. அப்படி ஒரு பேச்சு. அந்தக் கண்ணாடி இல்லாமல் அவரால் ஒரு வசனம் வாசிக்க முடியாது என்பது அன்றைக்கு என் புத்திக்கு உறைக்கவில்லை. வீட்டுக்கு வந்து மருந்து பாட்டிலை எடுத்துக் குப்பையில் போட்டேன். பாதிக்கு மேல் மருந்து இருந்தது.

"இன்னாடி, வோணாமா?" என்றாள் அக்கா.

"வோணாம்க்கா. மருந்து போட்டா நம்பலன்னு ஆயிடும்."

"சரி" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில், சொட்டு விடுகிற நேரத்தில், "நல்லா தெரியுதாக்கா?" என்று கேட்பேன். "தெரியுது" என்பாள். எனக்கு அது போதும். ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு சோற்றை டப்பாவில் கட்டுவேன்.

இடது பக்கம் கதவு நிலையில் இடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிட்டாள். பஸ் படியைக் காலால் தடவி ஏறினாள். எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் சொல்லவில்லை. விரோதமாகப் பேசக் கூடாதே. பிறகு என் மேஜைக்கே வந்தது. அவள் லைனில் இருந்து வந்த தோலில் தையல் ஓரம் விட்டு விலகி, வளைவில் வழுக்கிப் போயிருந்தது. அவள் கைத்தையல் எனக்குத் தெரியாதா? சிவப்பு ஸ்டிக்கரை விரலில் எடுத்துவிட்டேன். ஒட்டவில்லை. இது சாத்தானுடைய சோதனை, என் கையாலேயே அம்பு ஒட்டினால் என் சாட்சியை நானே பொய் என்று சொன்னதாகிவிடும் என்று நினைத்தேன். ஸ்டிக்கரை மேஜைக்கு அடியில் தேய்த்துவிட்டு அந்தத் தோலை நல்லதோடு சேர்த்து அனுப்பினேன். ஒரு தடவை அல்ல. பல மாதம். கண்ணுக்கு முன்னால் குறையை வைத்துக்கொண்டு குறை இல்லை என்று அனுப்புவதற்குப் பெயர் விசுவாசம் என்று நான் நம்பினேன்.

சூப்பர்வைசர் ஒரு நாள் கூப்பிட்டார். "இன்னாம்மா, உங்க அக்கா பீஸ் அடுத்த செக்கிங்ல ரிஜெக்ட் ஆவுது, உன் டேபிள்ல ஒண்ணு கூட ஆவல. இன்னா பேஜார் இது?" மெஷின் சரியில்லை சார் என்று புளுகினேன். நான் சொன்ன முதல் பொய் அது என்றுதான் வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்தை நிறுத்தி ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும்போது மெஷின் ஊசி அவளுடைய இடது கை ஆள்காட்டி விரலில் நகத்தோடு இறங்கியது. கட்டுப்போட்ட நர்ஸம்மா அவளுடைய முகத்துக்கு ஓரமாகக் கையைக் கொண்டு போய் ஆட்டிப் பார்த்தார். அக்கா அசையவில்லை. அன்றைக்கே வேலூருக்கு அனுப்பினார்கள். அதே டாக்டரம்மா. இடது கண் ஏறக்குறைய போய்விட்டது, வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது என்றார்.

"மருந்து எப்ப நிறுத்தினீங்க?"

அக்கா தரையைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். டாக்டரம்மா ஒரு நிமிஷம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். பிறகு மறுபடியும் அதே சொட்டு மருந்தை எழுதிக் கொடுத்தார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா என்று பக்கத்து வீட்டு அம்மா கேட்டார். அடுத்தவர் வீட்டில் அது பழமொழி. எங்கள் வீட்டில் அது செய்தி.

விஷயம் கேள்விப்பட்டு ஐயா வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, "காத்திருங்க. அவரோட வேள வேற, நம்ம வேள வேற" என்றார்.

"அவரு வேளைக்கு கண்ணு நரம்பு காத்திருக்கலியே ஐயா" என்றேன்.

"அப்படின்னா உங்க விசுவாசத்துல எங்கியோ ஒரு ஓட்ட இருக்கு. சோதிச்சுப் பாருங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த டம்ளரைத் தூக்கி எறிந்திருப்பேன். அக்கா அடுப்படியில் இருந்து, "ஐயாவுக்கு டீ வைக்கட்டுமா?" என்று கேட்டாள். எறியவில்லை.

காத்திருப்பது தப்பு என்று இன்றைக்கும் நான் சொல்லவில்லை. தீராத நோய்க்கு, திரும்பி வராத பிள்ளைக்கு, வேறு வழியே இல்லாத இடத்தில் மனுஷன் காத்திருக்கத்தான் வேண்டும், அந்த நேரத்தில் ஆண்டவரைப் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும். நாங்கள் காத்திருக்கத் தேவையே இருக்கவில்லை. கேட்டது முன்னாலேயே கிடைத்திருந்தது. ஒரு சுண்டுவிரல் உயர பாட்டிலில், அலமாரியில், முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. கொடுத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, கொடு கொடு என்று முழங்காலில் நின்றவள் நான். இனிமேல் எந்த முகத்தோடு நான் அவரிடம் ஜெபம் பண்ணுவேன்?

அந்த மாதக் கடைசி ஞாயிறு சபைக்குப் போனேன். ஒரே ஒரு காரியத்துக்குத்தான் போனேன். சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு வீட்டில் இன்னொரு பாட்டில் குப்பைக்குப் போகக் கூடாது. முன்சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். ஐயா சிரித்தபடி மைக்கை நீட்டினார்.

"போன வருஷம் எங்க அக்கா கண்ணப் பத்தி ஒரு சாட்சி சொன்னேன்" என்று தொடங்கினேன். அதற்குள் பக்கத்தில் சேலை உரசியது. வாயே திறக்காத என் அக்கா எழுந்து நின்றிருந்தாள். என் கையைத் தடவி மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு நல்லா தெரியுதுங்க. அவ சொன்னது நெசந்தான். ஸ்தோத்திரம்" என்றாள்.

சபை முழுக்க ஸ்தோத்திரம் என்றது. யாரோ கீபோர்டை வாசிக்க ஆரம்பித்தார்கள். நான் பேச வாயெடுத்தது பாட்டுச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை.

வெளியே வந்து ஹைவே ஓரமாக நடந்தோம்.

"ஏன்க்கா பொய் சொன்னே? சபைக்குள்ள நின்னுகினு?"

"புதுசா இன்னா சொன்னேன்? ஒரு வருஷமா உனக்குச் சொன்னதுதான்."

எனக்குப் புரியவில்லை. அவள் நடந்துகொண்டே சொன்னாள்.

"மூணாவது மாசமே தெரிஞ்சு போச்சுடி எனக்கு. இந்தப் பக்கம் இருட்டிக்கினே வந்துது. சொல்லலாம்னு வாய் வரைக்கும் வரும். நீ காலைல வந்து முகத்துக்கு நேரா நின்னு தெரியுதான்னு கேப்பே. அத்தினி பேரு முன்னாடி எழுந்து நின்னு சொல்லிட்டு வந்தவ நீ. தெரியலன்னு நான் சொன்னா உன்ன இன்னான்னு பேசுவாங்க? என்னமோ, கண்ணு என்னோடதுதானே, போனா போவட்டும்னு இருந்துட்டேன்."

அவளை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் கூடவே நடந்தேன். சாலையைக் கடக்கும் இடம் வந்ததும் அக்கா நின்றாள். இடது பக்கம் இருந்து ஒரு லாரி வந்துகொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "வண்டி எதுனா வருதா பாருடி" என்றாள்.

அப்படி அவள் என்னைக் கேட்டது அதுதான் முதல் தடவை.